அக்காவின் நெஞ்சில் விரிந்த குடை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பலர் எங்கள் அக்காவை ஓட்டமும் நடையுமாகவே பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தைய அக்காவை அறிந்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான் என்பதால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது சுருளிப்பட்டியில். சிறு வயதிலிருந்தே மூச்சு வாங்கும். சுருளி அருவிக்கு ஏறும் பாதையில் நான்கு இடங்களில் உட்காருவார். நான் எண்ணிக்கொண்டே பின்னால் நிற்பேன். பெரியகுளத்தில் வாழ்க்கைப்பட்டு, அத்தான் காலமான பின் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடாமல் தாமே பார்த்து ஒரே மகனை ஆளாக்கினார். இளைப்பு அவர் உடல்வாகு என்றே நம்பினோம்.

ஐம்பத்தெட்டு வயதில்தான் மதுரை மருத்துவர் ஸ்கேன் பார்த்து, இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்தே ஓட்டை இருக்கிறது என்றார். நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, மடக்கிய கம்பி வலையை உள்ளே குடைபோல விரித்து அடைத்துவிடலாம் என்றும் சொன்னார். விரியாவிட்டால்? நழுவிவிட்டால்? எனக்கு உறக்கமில்லை. அக்கா அசரவில்லை.

"விடுறா தம்பி. குடை பிடிக்கிற வயசுதான எனக்கு."

குடை நன்றாக விரிந்தது. சில மாதங்களில் அதன்மேல் சதை மூடிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறு வருடம் சுருளிக்குப் போனோம். அக்கா எங்கும் உட்காராமல் ஏறி, மேலே நின்று அதட்டினார்: "ஏலே, அங்கன என்ன எண்ணிக்கிட்டு நிக்கிற? ஏறி வாலே."

சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை. பொட்டு உலோகம்கூட உடம்போடு போகக்கூடாது என்பது நம் வழக்கம். பெண்கள் தோடு, மூக்குத்தி, காப்பு எல்லாவற்றையும் கழற்றினார்கள். உள்ளே இருக்கும் கம்பிதான் என்னை உறுத்தியது. அதோடு அனுப்பினால் அக்காவுக்குக் குறையாகிவிடுமோ என்று அவர் மகனைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"நானும் இத அம்மாகிட்டயே கேட்டிருக்கேன் மாமா. அதுமேல எஞ் சதை வளந்துருச்சுடா, இனி அது நகையில்லன்னு அம்மா சொன்னாக."

கம்பியோடே அனுப்பிவைத்தோம். மறுநாள் சாம்பலில் அந்த வலை கிடைத்தது, ஒரு ரூபாய்க் காசு அகலத்தில், கருத்துப்போய். எலும்போடு சேர்த்தே பானையில் இட்டோம்.

மதுரை மருத்துவருக்கும், கடைசி நாட்களில் வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு ராவுத்தர் குடும்பத்தாருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சுருளிக்குப் பானையோடு ஏறியபோது நான் மூன்று இடங்களில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் பானையை வாங்கிக்கொண்டு பொறுமையாக நின்ற அக்காவின் மகனுக்கும் என் நன்றி. மேலே நின்று அதட்டத்தான் ஆளில்லை.