மச்சானின் சுருட்டும் அறுபத்தைந்து சதவீதமும்

பீடி, சிகரெட் எதையும் நான் வாயில் வைத்ததில்லை. ஆனாலும் சுருட்டை எவ்வளவு ஈரப்பதத்தில் வைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் விடாமல் பேசுவேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

சுருட்டு என் மனைவியின் அண்ணனுடையது. அவர் கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை செய்பவர். அவர்கள் வீட்டை எதிர்த்து நாங்கள் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து ஆவடியில் இருக்கும் எங்கள் வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை. அவர் இருக்கும் பூந்தமல்லியிலிருந்து ஒரு பஸ் ஏறினால் வந்துவிடலாம். வரமாட்டார், போனும் எடுக்கமாட்டார். தீபாவளிக்குத் தீபாவளி என் மனைவி கூப்பிடுவாள். மணி அடித்து அடங்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருப்பாள். எனக்கு அவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வரும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். தங்கை அழுது ஓயும்வரை மின்விசிறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மீன் குழம்பு ஊற்றி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வெளிநாட்டுச் சுருட்டு மாப்ளே. கேப்டன் குட்த்தாரு. எங்கூட்ல வெச்சா அம்மா தெருவுல தூக்கிப் போட்ரும். நான் திரும்பி வர்ற வரிக்கும் உங்கூட்லயே இருக்கட்டும். பத்ரமா பாத்துக்கோ."

அவர் என்னை மாப்ளே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பொண்ணு பார்க்கப் போய்த் தாம்பூலம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் என் உத்தியோகம் குறுக்கே வந்தது. மண்ணூர்பேட்டையில் எலக்ட்ரானிக் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் என் பொறுப்பு. எங்களுக்கு ஈரம் ஜென்ம விரோதி. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடாமல் யாராவது ஒரு பொருளை அலமாரியில் வைத்தால் கத்தித் தீர்த்துவிடுவேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பெருங்காய டப்பா, கல்யாண ஆல்பம், என் ஹெல்மெட், எதைத் திறந்தாலும் ஒரு பொட்டலம் கீழே விழும். எங்கள் தொழிற்பேட்டையில் ஸ்டோர் வேலை பார்க்கிற பல பேர் வீட்டில் இதே கதைதான். ஆகவே மச்சானின் பெட்டிக்குள் கை நிறையப் பொட்டலங்களைப் போட்டு, ஓரத்தில் டேப் ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். இதைவிடப் பத்திரமாக உலகத்தில் யார் வைத்துக்கொள்வார்கள் என்று பெருமை வேறு.

மழைக்காலம் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது திறந்துவிடுவார்களோ என்று எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த வாரம் அது. செருப்பு, பெல்ட் எல்லாவற்றிலும் பூஞ்சை. சுருட்டு மட்டும் எப்படி இருக்கிறது பார் என்று மனைவியைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஒன்றை எடுத்தேன். அப்பளம் மாதிரி சத்தம் கேட்டது. மேல் இலை வெடித்து என் விரலிலேயே உதிர்ந்தது. இன்னொன்றும் அதே கதி.

"இன்னா பண்ணி வெச்சிகீற நீ?" என்றாள். "எங்கண்ணன் இப்பத்தான் ஊட்டுக்கு வந்துச்சு. இதப் பாத்தா இன்னொரு வாட்டி வருமா?"

சுருட்டு இலைக்கு ஈரம்தான் உயிர் என்று அன்றைக்குத்தான் இணையத்தில் படித்தேன். எவ்வளவு ஈரம் என்பதில் ஆளுக்கொரு எண். எழுபது சதவீதம் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். குளிர் ஊர்க்காரர்களுக்கு அது சரி. நம் வெக்கையில் எழுபது வைத்தால் பூஞ்சை வரும், வெக்கை தாங்காமல் புழுவும் கிளம்பும், அறுபத்தைந்து போதும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். செருப்பில் பூஞ்சையைப் பார்த்த கண்ணோடு நான் அறுபத்தைந்தின் பக்கம் சாய்ந்தேன். காய்ந்த சுருட்டுக்கு ஒரேயடியாக ஈரம் காட்டினாலும் இலை உப்பி வெடித்துவிடுமாம். மனைவி நனைத்துக் கொண்டுவந்த பஞ்சைத் திருப்பி அனுப்பினேன்.

ஈரத்தைத் தேவைக்குக் கொடுத்து, மிஞ்சினால் தானே இழுத்துக்கொள்ளும் பொட்டலம் விற்கிறார்கள். சிலிக்கா ஜெல்லையெல்லாம் எடுத்துவிட்டு, அறுபத்தைந்து என்று போட்டதை வாங்கினேன். கூடவே ஒரு சின்ன ஈரமானி. சரிபார்க்காத மீட்டரை நம்புவது எங்கள் தொழிலில் கிடையாது. பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஒரு டப்பாவில் மூடி வைத்தேன். அந்த உப்பு ஈரத்தில் எந்த மீட்டரும் மறுநாள் எழுபத்தைந்து காட்ட வேண்டும். இது எழுபத்தொன்று காட்டியது, நாலு குறைவு. போகட்டும், எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்தால் அதனோடு குடித்தனம் நடத்தலாம்.

முறுக்கு வைக்கும், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் மரப்பெட்டி, புதுப் பொட்டலம், மீட்டர் மூன்றையும் வைத்து, வெயில் படாத அறையில் கட்டிலுக்கடியில் தள்ளினோம். இவள் காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே கட்டிலுக்கடியில் குனிவாள்.

"அறுவத்தொண்ணுதான காட்டுது!"

"நாலு கூட்டிக்கோ."

தினமும் இதே பேச்சு. வாரக்கணக்கில் ஆயிற்று. சுருட்டு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது, வாசனையும் திரும்பியது. வெடித்த இரண்டு மட்டும் வெடித்தபடியே கிடந்தன.

கப்பல் வேலை முடிந்து மச்சான் வந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பெட்டியைக் கேட்டார். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து விரலால் மெல்ல அழுத்தினார். நான் ஆடிட்டர் முன்னால் நிற்பதுபோல் நின்றேன். சத்தமே இல்லை. இவளுக்கோ பொறுக்கவில்லை. நான் வாய் திறக்கும் முன்பே, சிலிக்கா ஜெல்லிலிருந்து முறுக்கு டப்பாவரை மொத்தத்தையும் கொட்டிவிட்டாள்.

அவர் கையிலிருந்த சுருட்டைப் பெட்டியில் வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சுருட்டுல போயி சிலிக்கா ஜெல்லு போட்டியா மாப்ளே? நல்ல ஆளுப்பா நீ! வுடு, ரெண்டு போனா போவுது. மிச்சம் ஷோக்காத்தான் கீது."

வயிற்றில் பாலை வார்த்தார்.

அவர் கிளம்பும்போது இவள் பெட்டியைத் துணிப்பையில் போட்டு நீட்டினாள். அவர் பையையும் பார்த்தார், தங்கையையும் பார்த்தார். கையை மட்டும் நீட்டவில்லை.

"அது இங்கயே இருக்கட்டும்மா. அடுத்த வாட்டி வந்து பாத்துக்கறேன்."

கேட்டைச் சாத்திவிட்டு வந்தவள் நேராக அறைக்குப் போனாள். பெட்டியை டப்பாவுக்குள் வைத்து மூடி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மீட்டரைப் பார்க்கக் குனிந்தாள்.

"அறுவத்தொண்ணு" என்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நாலு கூட்டிக்கோ" என்றேன்.