வாய்தா நாள்கள்

என் அப்பா இளையபெருமாள் 1988 கார்த்திகையில் இறந்தார். வயது எழுபத்தாறு. டாக்டர் முதுமை என்று எழுதிக் கொடுத்தார். நான் செய்த ஒரு காரியம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

குத்தாலத்துக்குத் தெற்கே ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலத்தை அப்பா குத்தகைக்கு உழுதார். நிலம் நாகேஸ்வர ஐயருடையது. குத்தகைதாரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும் அப்பா மனுப் போட்டார். இவன் என் பண்ணையாள்தான் என்று ஐயர் மறுத்தார். வழக்கு 1971இல் தொடங்கியது. அந்த வருஷம் எங்கள் வைக்கோல்போர் எரிந்தது. ஐயரின் ஆட்கள் என்றார்கள்.

அப்பீல், மறு விசாரணை என்று பதினேழு வருஷம். மாதம் ஒரு வாய்தா. மாயவரத்துக்கு இருவருக்கும் ஒரே பஸ். முதலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். என் அம்மாவும், பிறகு ஐயரின் மனைவியும் இறந்த பின் ஒரே சீட்டில்.

நான் மின்வாரியப் பொறியாளன். லீவில் வந்தபோது ஒருமுறை அப்பாவுடன் போனேன். கோர்ட் வாசல் பெஞ்சில் ஐயர் முன்னதாகவே இருந்தார்.

"இன்னும் சாகலையா நீ?"

"தீர்ப்பு வாங்காம எப்படிங்க சாவறது? நீங்க முந்திக்காதீங்க."

"சாமின்னு கூப்பிட்டுண்டிருந்தே. கழக ஆட்சி வந்ததும் அதுவும் போச்சு."

"நிலத்த எழுதிக் குடுங்க, கூப்புடறேன்."

"சர்க்கரை மாத்திரை போட்டியா?"

"மறந்துட்டேங்க."

"மறப்பே. கேஸ் நம்பர் மட்டும் மறக்காது."

பிளாஸ்க்கிலிருந்து ஐயர் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். தம்ளர் அப்பாவுடையது.

மின்சாரம் போகும் வழியிலேயே வீணாவதை நாங்கள் லைன் லாஸ் என்போம். இந்த அலைச்சலும் எனக்கு அப்படித்தான் பட்டது. டில்லியிலிருந்த ஐயரின் மகள் சரசாவுக்கு எழுதினேன். ஆளுக்குப் பாதி நிலம் என்று சமாதானம் பேசி முடித்தோம்.

"தீர்ப்பு வரட்டுமேடா" என்றார் அப்பா. நான் பேனாவை அவர் கையில் கொடுத்தேன்.

மறுமாதம் சரசா வந்து ஐயரை டில்லிக்கு அழைத்துப் போனார்.

வழக்கமான வாய்தா நாளில் அப்பா சலவை வேட்டி கட்டி மாயவரம் போனார். கேஸ்தான் முடிந்துவிட்டதே என்று கோர்ட் டவாலி சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வரை பெஞ்சில் இருந்துவிட்டுத் திரும்பினாராம். பிறகும் மூன்று மாதம் போனார். ஆடியில் நிறுத்தினார். மாத்திரையும் நின்றது. அவர் பங்கு நிலத்தில் நடவு நடந்தது, பார்க்கப் போகவில்லை. ஐப்பசி மழையில் படுத்தார். ரத்தம், எக்ஸ்ரே, எல்லாம் எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை தவிர வேறு கோளாறு இல்லை. சோற்றைத்தான் தொடவில்லை.

கருமாதி முடிந்ததும் டில்லி போனேன். ஐயர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உன்னை யாருடா வரச் சொன்னா?" என்றார்.

சரசா காப்பி கொண்டுவந்து வைத்தார். அது ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். ஐயர் திரும்பவேயில்லை.