பீச்சாங்கைக்கு ஓர் உறை

மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் கிளப்பின் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். நின்ற இடத்தில் நின்று காகித இலக்கைச் சுட்டுவிட்டு வந்துவிடுவேன். ஓடி ஓடிச் சுடும் போட்டியை முழங்கால் தேய்ந்த பிறகு விட்டுவிட்டேன். அதை நாங்கள் பிராக்டிகல் என்போம். டைமர் பீப் அடித்ததும் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி, இடம் மாறி மாறி ஓடி, காகித இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும். குறியும் தப்பக் கூடாது, நேரமும் போகக் கூடாது. இரண்டே வருடங்கள்தான் அதில் இருந்தேன். ஆனால் கண்ணை மூடினால் அந்த இரண்டு வருடங்கள்தான் முதலில் வருகின்றன.

என்னுடையது பாயிண்ட் டூ டூ பிஸ்டல். லைசென்ஸில் உள்ளபடியே துப்பாக்கி இருக்க வேண்டும், அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதில் கிளப் கறாராக இருந்தது. பெல்ட், உறை, குண்டு அடைத்த மேகசின்களைச் செருகும் பைகள் எல்லாம் அவரவர் விருப்பம். என் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. எனக்குப் பீச்சாங்கைதான் ஓடும். விற்பனைக்கு வந்த உறைகள் அத்தனையும் வலது கைக்காரர்களுக்கானவை. ஒரு நண்பர் சிரமப்பட்டு வரவழைத்துத் தந்த இடது கை உறை வேறு மாதிரி பிஸ்டலுக்கானது. என் துப்பாக்கி அதற்குள் கிணற்று வாளி போல ஆடியது.

முதலில் தோலில் செய்து பார்க்கலாம் என்று பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போனேன். அங்கே மாட்டுக் கழுத்துப் பட்டை தைத்து விற்கும் ஒருவரிடம் தடிமனான பெல்ட் ஒன்று கேட்டேன்.

"ஏனுங்க, இது மாட்டுக்குங்களா, மனுசனுக்குங்களா?" என்றார்.

"எனக்குத்தானுங்க."

அவர் என் இடுப்பை ஒருமுறை பார்த்தார். "அப்ப ரெண்டு ஓட்டை சேத்திப் போடோணுமுங்க."

பெல்ட் அருமையாக அமைந்தது. அவரே தைத்துத் தந்த தோல் உறை அமையவில்லை. சித்திரை வெயிலில் வியர்வை ஊறி அதன் வாய் தளர்ந்து மடங்கியது. உருவிய துப்பாக்கியைத் திரும்ப வைக்கப் போனால் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

பிறகுதான் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு வந்தேன். பம்பு ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து கொடுப்பது என் தொழில். நாங்கள் செதுக்கும் மர உருவை மணலில் பதித்து, அந்தக் குழியில்தான் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். ஆகவே என் பிஸ்டலைப் போலவே தேக்கில் ஒன்று செதுக்குவது எனக்குப் பெரிய வேலையாக இல்லை. ஷீட்டைச் சுடவைத்து அந்த மர பிஸ்டலின் மேல் அழுத்தினால் உறை தயார். சுடவைக்கத்தான் வழியில்லை. துடியலூரில் எங்கள் வீட்டில் என் மனைவி ஆர்டருக்குக் கேக் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய ஓவன்தான் என் கண்ணில் பட்டது.

"இந்த நாத்தத்துல நான் எப்படிங்க கேக் வெக்கறது?"

"ஒரே ஒரு தடவை அம்மணி."

பதினோரு தடவை ஆனது. முதல் நான்கும் கருகின. ஐந்தாவது முறை அவளே ஓவன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஷீட் எந்த நொடியில் இளகுகிறது என்பது எனக்கு முன்னால் அவளுக்குப் பிடிபட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, "இப்ப எடுங்க, இப்ப எடுங்க" என்பாள். நான் சூட்டோடு எடுத்து மர பிஸ்டலின் மேல் போர்த்தி, ஸ்பாஞ்சு ஒட்டிய இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்துக் கிளாம்பை முறுக்குவேன். பதினோராவது உறையில் துப்பாக்கி "டிக்" என்று போய் உட்கார்ந்தது. இருவரும் மாற்றி மாற்றி அந்தச் சத்தத்தைக் கேட்டோம்.

உறையின் பிடிமானத்துக்கு ஒரு ஸ்குரூ வைத்திருந்தேன். இறுக்கினால் துப்பாக்கி அசையாது. தளர்த்தினால் வழுக்கிக்கொண்டு கைக்கு வரும். காலையில் வேலைக்குப் போகும் முன் காலித் துப்பாக்கியோடு ஹாலில் உருவிப் பழகுவேன். அவள் டைமரைப் பிடிப்பாள். வலது இடுப்பில் மூன்று மேகசின் பைகளை எந்தச் சாய்வில் வைத்தால் கை தானாகப் போகிறது என்று ஒரு மாதம் முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

"சும்மா உக்காந்து பொத்தானை அமுத்தறதுக்கு, அந்த ரூல் புஸ்தகத்தையாச்சும் குடுங்க, படிக்கறேன்" என்றாள் ஒரு நாள். படித்தாள். கிளப்பில் நடந்த பயிற்சிக்கும் போய்ப் போட்டி நடத்தும் ரேஞ்ச் ஆபீசர் ஆகிவிட்டாள். சுடுபவர் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று கட்டளை சொல்வதும், தவறு நடந்தால் நிறுத்துவதும் அந்த வேலை.

கிளப்பின் முதல் போட்டி வந்தது. முந்தின நாள் மாலை நான் ஸ்குரூவை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன். கால் நொடி மிச்சமாகும்.

"லூசா இருக்குதுங்க. ஒரு சுத்தாவது திருப்பி வைங்க" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

மறுநாள் முதல் மூன்று ஆட்டங்களும் நன்றாகவே போயின. நான்காவதில் நாற்காலியில் உட்கார்ந்து தொடங்க வேண்டும். பீப் கேட்டதும் எழுந்து ஆறு தப்படி ஓடி, தரையில் போட்டிருந்த மரச் சட்டத்துக்குள் நின்ற பிறகே துப்பாக்கியை உருவலாம். அந்த ஆட்டத்துக்கு அவள்தான் ஆபீசர். "ஆர் யூ ரெடி?" என்றாள், முன்பின் தெரியாதவனைக் கேட்பதுபோல. "ஸ்டாண்ட் பை."

பீப். எழுந்தேன், ஓடினேன். மூன்றாவது தப்படியில் இடுப்பு லேசானது. என்னவென்று மூளைக்கு எட்டும் முன்பே காலடியில் சத்தம் கேட்டது.

"ஸ்டாப்! தொடாதீங்க!"

குனியப் போன நான் அப்படியே நின்றேன். குண்டு நிரப்பிய துப்பாக்கி செம்மண்ணில் கிடந்தது. அவள் சுற்றி வந்து, குழல் குண்டுகளைத் தடுக்கும் மண்மேட்டைப் பார்க்கும்படி அதை எடுத்தாள். மேகசினைக் கழற்றினாள், உள்ளே இருந்த குண்டை வெளியே தள்ளினாள், காலிதானா என்று இரண்டு முறை பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "டிஸ்குவாலிஃபைடு. துப்பாக்கியைப் பையில வெச்சுப் பூட்டீருங்க" என்றாள்.

எங்களோடு வழக்கமாகச் சுடும் அண்ணன் ஒருவர் மெல்ல வந்தார். "அம்மணி, ஒரு குண்டுகூட வெடிக்கலீங்களே. இந்த ஒருக்கா விட்டுரலாமுங்களே?"

"கீழ உழுந்தா போட்டி முடிஞ்சுதுங்கண்ணா. யாரா இருந்தாலும் அதேதானுங்க."

பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மற்றவர்கள் சுட்டு முடிக்க முடிக்க, காகித இலக்குகளின் ஓட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். முகம் எரிந்தது. அவள் மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அது உண்மையில்லை என்றும் தெரிந்தது.

இருவரும் வண்டியில் கிளம்பி மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு வந்தோம். ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தினேன். டீ வந்தது. அவள் டம்ளரைக் கையில் பிடித்தபடி குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"அத்தனை பேரு முன்னால சொல்ல வேண்டியதாப் போச்சேன்னு வருத்தமா?" என்றேன்.

"அதில்லீங்க." டீயைக் கீழே வைத்தாள். "உங்க கால்கிட்ட உழுந்துச்சுங்க. வெடிச்சிருந்தா? 'ஸ்டாப்'னு கத்தறப்ப எனக்கு ரூலெல்லாம் ஒண்ணும் ஞாபகமில்ல. பயந்துபோட்டேன்."

நாள் முழுக்க நான் என் மானத்தைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி வெடித்திருக்கலாம் என்பது ஒருமுறைகூடத் தோன்றவில்லை. "தப்பு என்னுதுதான் அம்மணி" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தேங்காய் பன் கேட்டாள். காலையிலிருந்து இருவரும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

அடுத்த வாரம் புதிய உறை செய்தோம். இந்த முறை இரண்டு ஸ்குரூ. இறுக்கும் வேலையை அவளிடமே கொடுத்தேன். அவள் இறுக்கிய உறையில் துப்பாக்கியை வைத்து வீட்டு மாடிப்படியில் நாற்பது தடவை ஏறி இறங்கினேன். எதிர்வீட்டுக்காரர் கேட்டில் நின்று பார்த்துவிட்டு, சுகர் இருக்கிறதா என்று விசாரித்தார். உருவ ஒரு நொடியில் சின்னப் பங்கு கூடுதலாக ஆயிற்று. இரண்டு மாதத்தில் கை அதற்குப் பழகி, அந்த வித்தியாசமும் காணாமல் போனது.

அடுத்த வருடப் போட்டியில் என் குழுவுக்கு ஆபீசராக நிற்க முடியாது என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அவளைப் பக்கவாட்டு மண்மேட்டுக்கு அந்தப் பக்கம், வேறொரு ஆட்டத்துக்குப் போட்டார்கள். அங்கிருந்து அவளுக்கு நான் சுடும் சத்தம் கேட்கும், என்னைப் பார்க்க முடியாது. நாற்காலி ஆட்டம் அந்த வருடமும் இருந்தது. ஓடினேன், சட்டத்துக்குள் நின்றேன், உருவினேன், தகடுகள் விழுந்தன.

மதியம் அவள் வெயிலில் சிவந்த முகத்தோடு மேட்டைச் சுற்றி வந்தாள்.

"எத்தனையாவதுங்க?"

"ஒம்பதாவது."

"எத்தனை பேருல?"

"இருவத்தி ரெண்டு."

தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பரவால்லீங்க. வாங்க, சாப்பாடு தீந்துறப் போகுது" என்று முன்னால் நடந்தாள்.