நஸ்மியின் பேரில் ரசீது

மாதத்தின் முதல் சனிக்கிழமை அபூ ஸுஹைர் ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வருவார். நான்காம் மாடியில் வதாத்தின் வீட்டு மணியை அழுத்திவிட்டு, இரண்டு படி கீழே இறங்கி, கண்ணைத் தரையில் வைத்தபடி கேட்பார்.

"நஸ்மி வந்தாச்சா, உம் ஸாமெர்?"

"இன்னும் வரலை, அண்ணே."

"வந்தா என் சலாம் சொல்லுங்க."

அதற்குப் பிறகுதான் கட்டடச் சந்தாவைப் பற்றிப் பேசுவார். இருபத்தாறு வருஷம் இப்படியே கேட்டார்.

நஸ்மி, வதாத்தின் கணவர். மகன் பேரை வைத்து அவளை 'உம் ஸாமெர்', ஸாமெரின் அம்மா, என்றே கூப்பிடுவார்கள். உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் தக்காளியும் ரொட்டியும் வாங்கி வரப் போனவரைச் சோதனைச் சாவடியில் துப்பாக்கிக்காரர்கள் மறித்துக் காரிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அதோடு சரி. உடலும் இல்லை, ஒரு சேதியும் இல்லை. ஒரு வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் துக்கத்துக்கு உரிய சர்க்கரையில்லாத காப்பியோடு வந்தபோது வதாத் கதவைச் சாத்திவிட்டாள். அந்தக் கதவுக்கு முன்னால், ஆள் வேலையிலிருந்து வரத் தாமதம் என்பதுபோல வந்து கேட்டவர் அபூ ஸுஹைர் ஒருவர்தான். ரசீதிலும் 'நஸ்மி பெய்தூனிடமிருந்து பெற்றது' என்றே எழுதுவார். அவள் அதை நஸ்மியின் சட்டைகளுக்கு நடுவே வைப்பாள்.

அபூ ஸுஹைருக்குக் கீழ்த்தளத்தில் இஸ்திரிக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பாங்கு சொன்னால் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தொழப் போய்விடுவார். பிறகுதான் மற்ற மடிப்பு. எந்நேரமும் கட்டடத்திலேயே கிடப்பவர் என்று வசூலை அவர் தலையில் கட்டினார்கள். மூன்றாம் மாடிக்காரி விடமாட்டாள்.

"லிஃப்டு வாரத்துல ஒரு நாள் ஓடுது. நீங்க மட்டும் தவறாம ஓடி வர்றீங்களே."

"அது தூங்குறதாலதான் அம்மா, நான் நடக்கிறேன்," என்பார். எத்தனை திட்டினாலும் முகம் சுளித்ததில்லை. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

பிறகு இரண்டாம் மாடி வக்கீல், கட்டடச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். ரசீதுகளைக் கம்ப்யூட்டரில் அடிக்கத் தொடங்கினார். ஒரு நாள் வதாத்தின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"காணாமப் போனவர் பேர்ல ரசீது கொடுத்தா நாளைக்கு கோர்ட்ல நிக்காது, உம் ஸாமெர். நாலு வருஷம் தாண்டினாலே இறந்துட்டார்னு தீர்ப்பு வாங்கலாம். ஒரு மனு, ஒரு கையெழுத்து. அதுவரைக்கும் 'நஸ்மியின் வாரிசுகள்'னு போட்டுக்கறோம்."

"கொண்டுபோனவன்கூட அவரைக் கொன்னேன்னு இதுவரைக்கும் சொல்லலை," என்றாள் வதாத். "அதை என்னைச் சொல்லச் சொல்றீங்களா? வாரிசுன்னு எழுதின காகிதம் இந்த வாசல்படி ஏறக்கூடாது."

"அப்போ உங்க பணத்தை வரவு வைக்க முடியாது, சந்தா பாக்கின்னு வழக்கு வரும். வீட்டுமேலதான் வரும்."

அந்த மாதம் முழுக்க அவளுக்குத் தூக்கம் இல்லை. வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் அவரைச் சாகக் கொடுக்க வேண்டும். அவர் திரும்பி வந்தால் நிற்க இந்த வீடும் வேண்டும். முதல் சனிக்கிழமை மணி அடித்தது.

"நஸ்மி வந்தாச்சா, உம் ஸாமெர்?"

கையில் அதே பழைய புத்தகம், ரசீதில் அதே பேர்.

"வக்கீல் ஒத்துக்கிட்டாரா, அண்ணே?"

"அவர் கோர்ட்ல பேசட்டும். படிக்கட்டுல நான் பேசிக்கறேன்."

அவர் வென்றுவிட்டார் என்றே அவள் நம்பினாள். இரண்டு குளிர்காலம் போயின. பிறகு ஒரு சனிக்கிழமை மணி அடிக்கவில்லை. அபூ ஸுஹைருக்கு நுரையீரலில் நோய், படுத்துவிட்டார் என்றார்கள். மறுவாரம் அவருடைய மருமகள் ஒரு பிஸ்கட் டப்பாவோடு மேலே வந்தாள்.

"மாமாவோட துணிப்பெட்டியடியில இருந்துச்சு. உங்க வீட்டு நம்பர் போட்டிருக்கு."

உள்ளே சங்கத்தின் ரசீதுகள், இருபத்திரண்டு. எல்லாவற்றிலும் 'காலஞ்சென்ற நஸ்மி பெய்தூனின் வாரிசுகள்.' மாதாமாதம் அவள் தந்த பணத்தைச் சங்கத்தில் கட்டி, அந்தக் காகிதத்தை ஒளித்துவைத்துவிட்டு, பழைய புத்தகத்தில் தன் கையால் நஸ்மி பேரை எழுதித் தந்திருக்கிறார் மனிதர்.

வதாத் டப்பாவோடு கீழே போனாள். அத்தனை வருஷத்தில் அவர் வீட்டுக்குள் அவள் நுழைந்தது அன்றுதான். மூன்று தலையணைமேல் சாய்ந்திருந்தார்.

"இருபத்திரண்டு மாசமா என் புருஷன் செத்துக் கிடக்கார். எனக்கு மட்டும் தெரியலை," என்றாள்.

அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொய் சொன்னது தப்புதான். மன்னிச்சிடுங்க. புத்தகத்துல தாள் தீர்ந்துச்சு. அச்சாபீஸ்ல சொல்லி இன்னொண்ணு அடிச்சேன்."

"நீங்களாவது நம்பினீங்களா, அவர் வருவார்னு?"

"முதல் ரெண்டு வருஷம் நம்பினேன். அப்புறம் இல்லை."

"பின்னே எதுக்குக் கேட்டீங்க?"

"நானும் கேக்கலைன்னா இந்தக் கட்டடத்துல வேற யார் கேப்பாங்க?"

அவளுக்குக் கோபம் கரைந்து அழுகையாக வந்தது. முக்காட்டு நுனியால் முகத்தை அழுத்திக்கொண்டு எழுந்தாள். டப்பாவை எடுத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் எடுத்துக்கொண்டாள். கதவருகே போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. எப்போதும்போலக் கண்ணைத் தாழ்த்தியே வைத்திருந்தார்.

"போற இடத்துல நான் கேக்கறேன், உம் ஸாமெர். நஸ்மி வந்தாச்சான்னு. வந்திருந்தா உங்க சலாம் சொல்லிடறேன்."