கடல் இருந்த கொல்லை

மணிவேலின் கொல்லையில் ஏர் ஓட்டும்போதெல்லாம் கொழுமுனையில் சிப்பி தட்டும். ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட கல் கிடைத்தால் வரப்பில் வீசிவிட்டு உழவைத் தொடர்வார். அரியலூர்ப் பக்கம் அது யாருக்கும் அதிசயமில்லை.

2003 ஆடியில் ஒரு பேராசிரியர் மாணவர்களோடு வந்து அந்தக் கற்களைச் சாக்கில் பொறுக்கினார். மழை ஏமாற்றிய இரண்டாம் ஆண்டு அது. கிணற்றை நம்பிப் போட்ட பருத்தி கருகி நிற்க, அதன் நடுவில் நின்றே அவர் பாடம் நடத்தினார். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடல். தட்பவெப்பம் மாற மாறக் கடல் ஏறியது, இறங்கியது, கடைசியில் கிழக்கே போய்விட்டது. மாற்றத்துக்கு ஈடு கொடுத்த உயிர்கள் உருமாறிப் பிழைத்தன; முடியாதவை கல்லாயின. வெகுகாலம் கழித்து ஆப்பிரிக்காவில் மழை குறைந்து காடு சுருங்கியபோது, மரத்தை விட்டு இறங்கி நடந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் நாம்.

மணிவேலின் காதில் விழுந்தது முதல் பாதி. மனைவி அம்சவள்ளியின் காதில் விழுந்தது பின் பாதி.

"கடலே கெடந்த எடம் புள்ள. ஆழத்துல தண்ணி இல்லாமலா போயிடும்? இன்னுங் கொஞ்சம் தோண்டுனா ஊத்து தொறந்துடும்."

"ஆமா, கப்பலும் வரும், ஏறிக்கலாம். நடந்து போனவுங்கதான் பொழச்சாங்கன்னு அதே சாருதானங்க சொன்னாரு? திருப்பூருல பனியன் கம்பெனியில எடம் இருக்குன்னு எங்கண்ணன் சொல்லுது."

"நாம என்ன கொரங்கா, இருக்குற எடத்த வுட்டுட்டுப் போவ?"

"கொரங்குக்கே போவணும்னு தெரிஞ்சிருக்கு."

அந்த வாரம் ஊரே மழைக்காகக் கொடும்பாவி கட்டித் தெருவெல்லாம் இழுத்து ஒப்பாரி வைத்தது. மணிவேல் போகவில்லை, கிணற்றுக்குள் இறங்கித் தோண்டிக்கொண்டிருந்தார். வைக்கோல் பொம்மைக்கு அழுதால் மழை வரும் என்று நம்பாத ஒரே மனிதர், தனக்குக் கிடைத்த ஒரே அறிவியலை நம்பினார். அது பாதி அறிவியல். போன கடல் போனதுதான், மழை இறங்காத மண்ணில் கிணறு ஊறாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். கொல்லைக்காரன் என்ன புரிந்துகொண்டான் என்று கேட்கும் வழக்கம் இந்த நாட்டுப் படிப்பாளிகளுக்கு எப்போது இருந்தது?

அம்சவள்ளி மேலே நின்று கூடையை இழுத்தாள். வந்ததெல்லாம் சிப்பி, களிமண், மறுபடி சிப்பி. தோண்டும் செலவுக்கு வீட்டு எருமையை விற்ற மறுநாள் மகள் இலக்கியாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பினாள்.

"தண்ணி வந்தா சொல்லுங்க. வந்துடுறோம்."

ஐப்பசி மழையும் ஏய்த்தது. மார்கழியில் ஒரு காலை, கிணற்றின் அடியில் ஈரம் கண்டது. மணிவேல் உள்ளங்கையில் அள்ளி வாயில் வைத்தார். கரித்தது. சில நாளில் அதுவும் வற்றியது.

தண்ணீர் எங்கே போனது என்பதில் மர்மம் ஏதுமில்லை. பக்கத்து ஊரில் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழி, சுற்றியுள்ள எல்லாக் கிணறுகளையும்விட ஆழமாய்த் திறந்து கிடந்தது. நிலத்தடி நீரெல்லாம் அங்கே கசிந்தது. கல் வெட்ட இடைஞ்சல் என்று அதை இரவும் பகலும் இறைத்து வெளியே விட்டார்கள். பழைய கடலைக் கொண்டுபோனது தட்பவெப்பம். அதற்குக் கண் கிடையாது. இந்தத் தண்ணீரைக் கொண்டுபோனவர்களுக்குக் கண் இருந்தது, கணக்குப்பிள்ளை இருந்தார், உரிமம் இருந்தது.

சித்திரையில் மணிவேல் அங்கேயே கூலிக்குச் சேர்ந்தார். மோட்டார் ஓட்டிப் பழக்கம் உண்டு என்றதும் இறைக்கும் மோட்டாரைக் கொடுத்தார்கள். முதல் நாள் குழிக்குள் இறங்கியவர், சிப்பிப் பாறையின் வெடிப்புகளில் நீர் வழிவதைப் பார்த்தபடி நின்றுவிட்டார். மேஸ்திரி வந்து அதட்ட வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் பூத்திலிருந்து திருப்பூருக்குப் பேசினார்.

"தண்ணி வந்துச்சாங்க?" அவள் எப்போதும் முதலில் கேட்பது அதைத்தான்.

"வந்துச்சு புள்ள."

"நெசமாவா! நம்ம கெணத்துலயா?"

"கல்லு வெட்டுற குழியில. நான்தான் எறைச்சு ஓடையில வுட்டுக்கிட்டிருக்கேன்."



"அப்ப இலக்கியாவ இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துடுறேன்," என்றாள் அம்சவள்ளி.

"சேத்துடு," என்றார் மணிவேல்.