லாலாகுடா அக்காவின் அப்பாடா

தியான முகாமின் முதல் மாலை. கூடத்தில் எல்லோரும் அவரவர் திண்டில் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டோம். இந்த நொடியிலிருந்து மௌனம் என்று முகாமை நடத்திய அம்மா கையால் காட்டிவிட்டு, வெண்கலக் கிண்ணத்தைத் தட்டப் போனார். எனக்கு இடப்பக்கத்தில் ஒரு பெண்மணி மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒருவழியாக நீலத் திண்டில் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் அவரையும் அறியாமல் வாயிலிருந்து வந்தது. "அப்பாடா."

அவரை எனக்கு ஏற்கெனவே தெரியும். புத்தர் வழியில் மூச்சைக் கவனிக்கப் பழகும் சிறு குழு ஒன்று ஞாயிறு காலைகளில் ஹைதராபாத் பேகம்பேட்டில் ஒரு மாடியில் கூடும். என் மனைவி இறந்த பிறகு, நான் இருந்த இருப்பைப் பார்க்கச் சகிக்காமல் அலுவலக நண்பர் ஒருவர் என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார். செருப்புக் கழற்றும் இடத்தில் இந்தப் பெண்மணியைப் பார்ப்பேன். என் அலுவலக இந்தியில் நலம் விசாரிப்பேன். "ஹவ்" என்று தலையாட்டுவார். டீ எடுத்துவரட்டுமா என்றால் "நக்கோ" என்பார். அந்த ஆமாமையும் வேண்டாமையும் கேட்டு, பரம்பரை ஹைதராபாத்காரர் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். நாகர்கோவில்காரனான என் இந்தியைக் கேட்டு, மலையாளி என்று அவர் முடிவுகட்டியிருந்தார். ஆக, இரண்டு தமிழர்கள் மாதக்கணக்கில் இந்தியில் மூட்டுவலி பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்பாடாவைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லுக்கு இப்படிச் சிரிக்க வேண்டுமென்றால் இவன் யாராக இருப்பான் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் பேச முடியாதே. ராமச்சந்திராபுரத்தையும் தாண்டி, பாறைகளுக்கு நடுவே இருந்த அந்த இடத்தில், முகாம் முடியும் நாள் காலைவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஊரில் ஒரு தமிழ் ஆள் கிடைத்தும் ஒரு வார்த்தை பேசவிடாமல் புத்தர் சோதித்தார். சாப்பாட்டு வரிசையில் சாரு என்கிற ரசத்தை ஊற்றியபோது அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்து, என்னைத் தேடி முகத்தைச் சுளித்தார். புளி போதாது என்று அதற்கு அர்த்தம். எனக்கும் அதே அபிப்பிராயம்தான். மனைவி போன பிறகு இன்னொருவரோடு சேர்ந்து ஒரு சாப்பாட்டைக் குறை சொன்னது அன்றைக்குத்தான்.

மௌனம் முடிந்த மணி அடித்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா தம்பி, தமிழா நீ? இத்தினி மாசமா இந்தில பேசி என் உசுர வாங்கினியே."

அன்று முதல் அவர் எனக்கு லாலாகுடா அக்கா. அவருடைய அப்பா அரக்கோணத்துப் பக்கமிருந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்கு வந்தவர். கணவரும் அதே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸிலேயே பிறந்து, குவார்ட்டர்ஸிலேயே வாழ்க்கைப்பட்டு, கணவர் ஓய்வுபெற்றதும் பின் தெருவில் வாடகைக்குக் குடிவந்தவர். மகனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. இப்போது தமிழில் பேசுவது சுவரில் இருக்கும் சாமிகளிடமும் அவர்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் கணவரிடமும்தான் என்றார்.

அன்று காலை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மனத்தில் இருப்பதைச் சொல்லும் நிகழ்ச்சி இருந்தது. என் முறை வந்தபோது மனைவியை இழந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். அலுவலகக் கூட்டத்தில் வேலை எவ்வளவு முடிந்தது என்று சொல்வதுபோல வாக்கியம் பிசகில்லாமல் வந்தது. எல்லோரும் கைகூப்பினார்கள். நல்லவர்கள், உண்மையாகவே வருந்தினார்கள். எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வருடமாக அப்படித்தான் இருந்தேன். துக்கம் விசாரித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன். வீட்டில் மகளும் நான் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். எங்கள் வீட்டில் தமிழ் அவள் அம்மாவோடு போய்விட்டிருந்தது. அழுகை நெஞ்சில் கல்லாகக் கிடந்ததே தவிர வெளியே வரவில்லை.

நிகழ்ச்சி முடிந்து வேப்பமரத்தடிப் பாறையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். நானாகத்தான் சொன்னேன். "அக்கா, அவ போயிட்டா." அவ்வளவுதான். வாய்விட்டு அழுதேன். தூரத்தில் ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என் முதுகில் கை வைத்துச் சொன்னார்.

"அழு தம்பி. தமிழ்லயே அழு. இங்க யாருக்குப் புரியப்போவுது."

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். முகாமில் ஒரு வழக்கம் உண்டு. மணி ஒலித்தால் யாராக இருந்தாலும் செய்கிற வேலையை நிறுத்தி, நின்ற இடத்தில் நின்று, மூச்சுக்குத் திரும்ப வேண்டும். அக்காவுக்கு இந்த வழக்கம் புதிதில்லை. மாலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால், எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பார். கொதி வரும் நேரத்துக்குக் கணவரின் சைக்கிள் வாசலில் நிற்கும். ஓய்வுபெற்ற பிறகும் அவர் அந்த நேரத்துக்கு வெளியே போய்ச் சுற்றிவிட்டுச் சங்குக்குத்தான் திரும்புவாராம். "இவங்க மணி அடிச்சா நாம திரும்பி வரணுமாம். எங்க ஊட்ல சங்கு ஊதுனா அவுரு திரும்பி வருவாரு" என்றார். கணவர் இறந்த பிறகும் சங்கு ஊதினால் கை தானாக அடுப்புக்குப் போகிறது, ரெண்டு டம்ளரை எடுத்து வைத்துவிடுகிறது. ஊற்றும்போதுதான் நினைவு வரும். அந்தக் கையை நிறுத்தக் கற்றுக்கொள்ளத்தான் அக்கா முழங்கால் வலியோடு பேகம்பேட்டுக்குப் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய பிறகு மாலைகளில் அவரிடமிருந்து போன் வரும். எடுத்ததும் "இன்னிக்கு ஒண்ணுதான் தம்பி" என்பார். சங்கு ஊதியதும் நின்று, மூச்சைப் பார்த்து, ஒரு டம்ளர் மட்டும் எடுத்திருக்கிறார் என்று பொருள். சில நாள் "இன்னிக்கு ரெண்டு" என்று குரல் இறங்கியிருக்கும். ஒன்று என்றால் நான் சபாஷ் போடுவேன். ரெண்டு என்றால் பேச்சை வேறு பக்கம் திருப்புவேன். அப்படியே என் மனைவியைப் பற்றியும் தினமும் கொஞ்சம் சொல்லிவிடுவேன். அவள் புளிக்குழம்பு, அவள் கோபம், கடைசி நாட்களில் அவள் கேட்டது. அலுவலகத்தில் யார் இந்தப் போன் என்று கேட்டால் அக்கா என்று சொல்லிவிடுவேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதியது. அக்கா பேச்சை நிறுத்தினார், கண்ணை மூடினார், மூச்சு இழுத்துவிட்டார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து டம்ளர்களை எடுத்தார். கையிலிருந்தவற்றைப் பார்த்தார். "இன்னிக்கு ரெண்டு சரிதான்" என்றார். கணவர் தினமும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்வாராம், அதைக் கேட்ட பிறகுதான் அக்கா டீயை ஊற்றுவாராம். என்ன வார்த்தை என்று கேட்டேன்.

"அப்பாடா. அது அவுரு சொல்றது தம்பி. நான் சொன்னதே கெடையாது. அவுரு போனப்பறம்தான் எனக்கு ஒட்டிக்கிச்சு."

போன மழைக்காலத்தில் ஒரு மாலை போன் வரவில்லை. மறுநாள் அதே எண்ணிலிருந்து மகன் கூப்பிட்டார். அம்மா இல்லை என்று இந்தியில் சொன்னார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். நானும் இந்தியில்தான் ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சொன்னது எதுவும் போதவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. அன்றைக்கு அழ ஆசைப்பட்டேன். யாரிடம் போய்த் தமிழில் அழுவது என்று தெரியவில்லை.

இந்த வருடமும் முகாமுக்குப் போனேன். அதே கூடம், அதே திண்டுகள். நீலத் திண்டில் ஒரு தெலுங்குப் பெண் உட்கார்ந்திருந்தாள், என் மகளைவிடச் சில வயது மூத்தவள். எனக்கும் இப்போது முழங்கால் சரியில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தேன். "அப்பாடா" என்று என் வாயிலிருந்து வந்தது. நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு ஃபிட்டரின் சொல். இடப்பக்கத்தில் சிரிப்பு கேட்கும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. மணி ஒலித்தது.

மௌனம் முடிந்த காலை அந்தப் பெண் எனக்கும் சேர்த்து டீ எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் நாள் உட்கார்ந்ததும் என்னவோ சொன்னீர்களே அங்கிள், அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தியில் கேட்டாள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சொல்வது என்றேன். அதற்கு மேல் எனக்கு இந்தி வரவில்லை.