கண்ணீர்ச் சுழி

எங்கள் குதிரைக்கு மாப்பிள்ளை தேடிய அந்த மாசி மாதத்தில் நானும் என் கணவரும் பேசியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். அவர் முப்பது வருடம் சென்னையில் பந்தயக் குதிரைகளுக்கு லாடம் கட்டியவர். நான் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். குதிரை விஷயத்தில் எனக்குப் பேச வாய் கிடையாது என்பது அவர் கட்சி. எனக்கு இருப்பதே வாய்தான் என்பது என் கட்சி.

குதிரை எங்களிடம் வந்த கதை சின்னது. ஓடி ஓய்ந்த செம்பழுப்புப் பெண்குதிரை. இவர் வேலையை விட்டு வரும்போது அதன் முதலாளி, "உன் கைக்குத்தான் அது கால் குடுக்குது, நீயே வெச்சிக்கோ" என்று பதிவுப் புத்தகத்தோடு கொடுத்துவிட்டார். செவிலிமேட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிறுத்தவே தகராறு. அதனால் முசரவாக்கத்தில் இவர் பங்குக்கு வந்த நிலத்தில் லாயம் கட்டினோம். முதல் வாரம் நான் எட்ட நின்றுதான் பார்த்தேன். இரண்டாவது வாரம் அது என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டது. அதோடு நான் தொலைந்தேன்.

பந்தயக் குதிரை இனத்தில் ஊசி போட்டுச் சினைப்படுத்தக் கூடாது. அப்படிப் பிறக்கும் குட்டிக்குப் பதிவு கிடையாது. பெண்குதிரையை லாரியில் ஏற்றி, பொலிகுதிரை இருக்கும் பண்ணைக்கே கொண்டுபோக வேண்டும். முதல் தடவை இவர் காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்தார். பெரிய பெரிய பந்தயங்களில் ஜெயித்த குதிரை. நேரில் போய்ப் பார்க்கவில்லை. எங்களுடையது கழுத்தில் பல் பதிந்த காயத்தோடு திரும்பி வந்தது. பதினோரு மாதம் கழித்துக் குட்டி செத்தே பிறந்தது. கடித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யார் மேலும் தப்பில்லை என்று கால்நடை மருத்துவர் சொன்னார். சொன்னால் ஆயிற்றா? குதிரை மூன்று நாள் தீவனத்தைத் தொடவில்லை. நான் அந்த மூன்று நாளும் லாயத்து வாசலில் உட்கார்ந்து அழுதேன். இவர் எனக்கு டீ வாங்கி வந்து வைப்பார். அது ஆறிப்போகும்.

ஒரு வருடம் சும்மா விட்டோம். அதற்குள் குதிரைக்கு வயது பதினைந்து ஆகிவிட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்க. அதுக்கு மேல வேணாம்" என்றார் மருத்துவர். ஆக, இது கடைசி வாய்ப்பு. இந்த முறை யாராக இருந்தாலும் நான் நேரில் பார்க்காமல் லாரி கிளம்பாது என்று சொல்லிவிட்டேன்.

பண்ணையிலிருந்து மூன்று குதிரைகளின் வம்சத் தாள்கள் வந்தன. அப்பன் ஆத்தாள், பாட்டன் பாட்டி என்று ஐந்து தலைமுறைப் பெயர்கள். எல்லாம் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்கள். எனக்குப் பெயர் எதற்கு? எங்கள் வீட்டில் சேலைக்கு டிசைன் போட்ட கட்டம் கட்டமான கிராஃப் தாளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இது. இந்தப் பக்கம் இருக்கும் பூ அந்தப் பக்கமும் வந்தால் உடனே தெரிந்துவிடும். எங்கள் குதிரையின் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த மூன்றில் இவர் ஆசைப்பட்ட குதிரையின் தாத்தாதான் எங்களுடையதுக்கும் தாத்தா.

"இன்னாங்க இது, ஒரே தாத்தா ரெண்டு பக்கமும் இருக்குது?"

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஏன், நம்ம ஊர்ல மாமன் பொண்ண கட்டிக்கினு வாழலியா?"

"நீங்க கட்டலியே. அந்தக் குறைய குதிரகிட்ட தீத்துக்கிறீங்களா?"

சிரித்துவிட்டு அந்தத் தாளை மடித்து வைத்தார். இவ்வளவு நெருங்கிய ரத்தம் வேண்டாம் என்று அவருக்கும் தெரியும். தாள் பார்ப்பதில் நான் ஜெயித்த ஒரே நாள் அதுதான். அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறேன்.

மீதி இரண்டையும் பார்க்கப் பண்ணைக்குப் போனோம். மல்லிப்பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். "பூவெல்லாம் வெச்சிக்கினு வராதமா, அது கல்யாண வூடு இல்ல" என்றார். மாப்பிள்ளை பார்க்கத்தானே போகிறோம் என்றேன்.

முதலில் வந்தது கறுப்பு. பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஆனால் இரண்டு ஆள் பிடித்தும் நிற்காமல் பின்னங்காலைத் தூக்கியது. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டுவதற்குள் இவரே திரும்பிக்கொண்டார். அடுத்து வந்தது தவிட்டு நிறம். பந்தயத்தில் சுமாராகத்தான் ஓடியதாம். ஆனால் நடை நேராக இருந்தது. எங்களுடையதுக்கு முன்னங்கால் பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கும். அதை ஈடுகட்ட நேரான கால் வேண்டும் என்று இவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். குனிந்து ஒவ்வொரு காலாகத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

நான் அந்த நடையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கிட்டப் போய்விட்டேன். குதிரை கழுத்தை நீட்டியது. பிடித்திருந்தவர் "அம்மா, தள்ளுங்க!" என்று கத்தினார். நகர எனக்குத் தோன்றவில்லை. என் பின்னலில் உதடு பட்டது. அவ்வளவுதான். சரம் அதன் வாயில் இருந்தது, என் தலைமுடி ஒன்றுகூட இழுபடவில்லை. நிதானமாக மென்றது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டுப் போவார்கள். இவன் பூவை எடுத்துக்கொண்டான். இவன் கடிக்க மாட்டான் என்று எனக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

"முடிஞ்சிதுங்க. இதான்" என்றேன்.

 அவர், பண்ணைக்காரர் கொடுத்த அந்தக் குதிரையின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அதில் குதிரையின் படம் வரைந்து, உடம்பில் சுழி இருக்கும் இடத்தில் எல்லாம் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அடையாளத்துக்காக ஆரம்பித்த வழக்கம் அது. நம் ஆட்கள் ஜாதகமாகப் பார்க்கிறார்கள். இடது கண்ணுக்குக் கீழே ஒரு குறி. நிமிர்ந்து குதிரையைப் பார்த்தேன். அதே இடத்தில் ரோமம் சின்னதாகச் சுழித்திருந்தது.

கண்ணீர்ச் சுழி. அப்படிப்பட்ட குதிரை வந்தால் வீட்டுப் பெண் அழுவாள் என்பார்கள்.

முப்பது வருடம் சுழி பார்ப்பவர்களைக் கிண்டல் செய்த மனுஷர் அவர். "வேணாம்மா. வேற பாக்கலாம்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "உங்களுக்கே வெக்கமா இல்ல? லாடம் கட்னப்போ எத்தினி குதிரைக்கு சுழி பாத்தீங்க?"

"அது ஊரான் குதிரை" என்றார். அப்புறம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "போன தபா நீ மூணு நாள் குந்திக்கினு அழுத. திரும்பியும் அத என்னால பாக்க முடியாது."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை நாளும் அவர் குட்டி ஜெயிக்கப்போகும் பந்தயத்தையும் பெரிய பெயரையும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணியிருந்தேன். அந்த ஆறிப்போன டீக்களை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆட்கள் நின்றிருந்தார்கள். பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கி மூடினேன்.

"அழுவணும்னு இருந்தா அழுதுட்டுப் போறேன். நம்ம பொண்ண கடிக்காத ஒருத்தன் வேணும் எனக்கு."

பங்குனி உத்திரத்துக்கு ஊரே கூடிக்கொண்டிருந்தபோது நாங்கள் கூட்டத்துக்கு எதிர்த் திசையில் லாரியை ஓட்டிப் போனோம். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்த குதிரையின் கழுத்தை விரலால் தடவித் தேடினேன். பழைய தழும்பைத் தவிர ஒன்றுமில்லை.

அடுத்த மாசியில் ஒரு காலை, பால்காரர் வரும் நேரத்தில், குட்டி விழுந்தது. மருத்துவர் கூடவே இருந்தார். ஈரத்தோடு கிடந்தது, அசையவில்லை. இவர் வைக்கோலால் அதன் மார்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் சாமியையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் அது தும்மியது. தாய் தொண்டைக்குள்ளேயே கனைத்து அதை நக்க ஆரம்பித்தது. குச்சிக் கால்களை நாலு பக்கமும் பரப்பி, விழுந்து, எழுந்து, மடியைத் தேடிக்கொண்டு போனது. பெண் குட்டி.

திரும்பிப் பார்த்தால் இவர் வைக்கோல் மேல் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"ஏங்க, வூட்டுப் பொம்பள இல்ல அழுவணும்?"

"இந்த வூட்ல யார் அழுவாங்கன்னு அந்தச் சுழிக்கு இன்னா தெரியும்?" என்று துண்டால் முகத்தைத் துடைத்தார்.

நான் குட்டியின் முகத்தைத் தடவினேன். இடது கண்ணுக்குக் கீழே, ஈர ரோமத்தில், அப்பனுக்கு இருந்த அதே இடத்தில் விரல் சுழன்றது. அவர் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"கைய எடும்மா" என்றார். "அப்பவே பாத்துட்டேன். இருக்கட்டும்."